தோளில் வந்த மோட்டார்

எங்கள் எதிர் வீட்டு நண்பர் வெளிநாட்டிலிருந்து ஒரு மோட்டார் கார் தருவிக்கிறார். 'தருவிக்கிறார்' என்று நான் எழுதுவதிலிருந்தே அது இன்னும் வந்து சேரவில்லை என்பதை வாசகர்கள் யூகித்துக்கொள்ளலாம். பணம் கட்டி ஐந்து மாதமாகிறது. முதலில் "தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டாகிவிட்டது" என்றார். அப்புறம் "கப்பல் ஏறிவிட்டது" என்றார். பிறகு ஒரு நாள் மலர்ந்த முகத்துடன் வந்து, "துறைமுகத்துக்கே வந்துவிட்டது, ஸார்!" என்றார். அதற்குப் பிறகு ஒன்றரை மாதமாக அவர் முகம் மலரவில்லை. சுங்கம், சான்றிதழ், கையெழுத்து, முத்திரை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "ஏன் ஸார், நீங்கள் சரித்திரமெல்லாம் படிக்கிறவர். ஒரு கார் கடல் கடந்து வந்து சேர எத்தனை நாள்தான் ஆகும்?" என்று கேட்டார்.

"எந்த ஊருக்கு, எந்தக் காலத்தில் என்று சொன்னால் கணக்குப் போடலாம்" என்றேன்.

"எந்த ஊராக இருந்தால் என்ன? கப்பல் வந்தது, இறக்கினோம், ஓட்டிக்கொண்டு போனோம் என்று இருக்கவேண்டாமோ?"

"ஓட்டிக்கொண்டு போகப் பாதை இல்லாத ஊராயிருந்தால்?"

நண்பர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாதை இல்லாத ஊருக்கு யாராவது மோட்டார் வாங்குவார்களா என்பது அவருடைய சந்தேகம். வாங்கினார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, வருஷக்கணக்காக வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கதையைத்தான் அவருக்குச் சொன்னேன்.

நேபாள தேசத்தின் தலைநகரான காட்மாண்டு ஒரு பெரிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. பள்ளத்தாக்கு என்றதும் நம் ஆற்றங்கரைத் தாழ்நிலம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. கடல் மட்டத்துக்கு மேல் 4,400 அடி உயரத்தில், சுற்றிலும் மலைகள் கோட்டை கட்டியது போல் நிற்க, நடுவில் கிண்ணம் மாதிரி அமைந்த சமவெளி அது. இந்தியாவிலிருந்து அந்தக் கிண்ணத்துக்குள் இறங்க வேண்டுமானால் முதலில் அதன் விளிம்பின் மேல் ஏறியாக வேண்டும். 1956-ஆம் வருஷம் வரையில் சக்கரம் வைத்த வண்டி எதுவும் எல்லையிலிருந்து அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே போகச் சரியான சாலை கிடையாது. ஆனால் அதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே காட்மாண்டு வீதிகளில் மோட்டார்கள் ஓடின!

இது எப்படி என்பதற்கு முன்னால், ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

1846-ல் ஜங் பகதூர் என்பவர், 'கோட்' என்ற அரண்மனைக் கூடத்தில் ஒரே இரவில் தம் எதிரிகளை வெட்டிச் சாய்த்து அதிகாரத்தைக் கைப்பற்றினார். அன்று முதல் 1951 வரை, நூற்றைந்து வருஷ காலம், நேபாளத்தை ஆண்டது ராணா குடும்பம். மகாராஜாதிராஜா என்ற பட்டத்துடன் அரசர் ஒருவர் அரண்மனையில் இருப்பார். கொலுப்பொம்மைக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. ஆட்சியெல்லாம் பிரதம மந்திரி பதவியைப் பரம்பரைச் சொத்தாக்கிக்கொண்ட ராணாக்களிடம். அவர்கள் ஐரோப்பாவைப் பார்த்து அரண்மனை கட்டினார்கள். 1901 முதல் 1929 வரை ஆண்ட சந்திர ஷம்ஷேரின் சிங்க தர்பார் மாளிகையை நாமெல்லாம் படத்திலாவது பார்த்திருப்போம். அந்த மாளிகைகளுக்குக் கண்ணாடிகள் வேண்டியிருந்தன, சரவிளக்குகள் வேண்டியிருந்தன, சலவைக்கல் வேண்டியிருந்தது. உலகமெல்லாம் மோட்டார் வந்தபோது மோட்டாரும் வேண்டியிருந்தது.

எல்லாம் வேண்டியிருந்தது, சாலை மட்டும் வேண்டியிருக்கவில்லை. நல்ல சாலை போட்டால் அதில் மோட்டார் மட்டும் வராது, பீரங்கியும் வரும். வெள்ளைக்காரன் இந்தியா முழுவதையும் எப்படி விழுங்கினான் என்பதை அவர்கள் மலைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கரடுமுரடான மலைப்பாதையே தங்களுக்கு மதில் என்று நினைத்தார்கள். நினைத்ததில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மதில் அந்நியனை வெளியே நிறுத்தியதோடு, சொந்த ஜனங்களையும் உள்ளே பூட்டி வைத்தது. புத்தகமும் பத்திரிகையும் புதிய எண்ணங்களும் எளிதில் ஏறி வரவில்லை. ஆள்கிறவர்களுக்கு அதுவும் சௌகரியமாகத்தான் இருந்தது.

நிற்க. கார் வரும் வழியைப் பார்ப்போம்.

இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ செய்த கார் கப்பலேறிக் கல்கத்தா வந்து சேரும். ஐரோப்பாவிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாகச் சரக்குக் கப்பலுக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். கல்கத்தாவில் சுங்கத் தொல்லை உண்டா என்றால், ராணாக்களுக்கு அது கிடையாது. 1923-ல் பிரிட்டனும் நேபாளமும் செய்துகொண்ட உடன்படிக்கையில், நேபாள ஸர்க்காருக்காகத் தருவித்து உடனே அந்தத் தேசத்துக்கு அனுப்பப்படும் சாமான்களுக்கு இந்தியத் துறைமுகங்களில் சுங்கவரி இல்லை என்று ஒரு ஷரத்து உண்டு. (இந்த இடத்தில் எதிர் வீட்டு நண்பர் விட்ட பெருமூச்சை எழுத்தில் கொண்டுவர என்னால் இயலவில்லை.)

கல்கத்தாவிலிருந்து ரயில். அகலப் பாதை ரயில் கங்கையின் தென்கரையோடு நின்றுவிடும். மொகாமே என்ற இடத்தில் அந்நாளில் பாலம் கிடையாது. பாலம் வந்தது 1959-ல்தான். சாமான்களையெல்லாம் இறக்கி, ஆற்றைக் கடத்தி, வடகரையில் மீட்டர் பாதை ரயிலில் ஏற்றவேண்டும். பிற்காலத்தில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் புகழ்பெற்ற ஜிம் கார்பெட், இருபது வருஷத்துக்கு மேல் இந்த மொகாமே துறையில்தான் சாமான் ஏற்றி இறக்கும் கான்டிராக்டராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியாத சமாசாரம்.

வடகரையிலிருந்து பீகாரின் சம்பாரண் ஜில்லா வழியாக ரயில் போகும். 1917-ல் அவுரி விவசாயிகளுக்காகக் காந்திஜி போராடிய அதே சம்பாரண். அங்கே ஸுகௌலி என்று ஒரு ஜங்ஷன். 1816-ல் நேபாளம் ஆங்கிலேயரிடம் தோற்று, தன் நிலத்தில் பெரும் பகுதியை விட்டுக்கொடுத்த உடன்படிக்கைக்குப் பெயர் கொடுத்த ஊர் அதுதான். அதைத் தாண்டினால் எல்லையில் ரக்ஸால். அங்கே மறுபடியும் இறக்கவேண்டும். ஏனென்றால் எல்லைக்கு அப்பால் உள்ளது நேபாள ஸர்க்காரின் சொந்த ரயில். இரண்டரை அடி அகலமுள்ள குட்டிப் பாதை. 1927-ல் திறந்தார்கள். இருபத்து நாலு மைல் காட்டுக்குள் ஊர்ந்து போய் அம்லேக்கஞ்ச் என்ற ஊரில் அது நின்றுவிடும்.

அந்த ஊரின் பெயரில் ஒரு கதை இருக்கிறது. நேபாளத்தில் அடிமை முறை 1920-களின் நடுப்பகுதி வரை சட்டப்படியே இருந்தது. சந்திர ஷம்ஷேர் அதை ஒழித்தார். ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகள் விடுதலை பெற்றார்கள். அவர்களில் சிலரைக் குடியேற்றிய இடத்துக்கு அம்லேக்கஞ்ச் என்று பெயரிட்டார்கள். 'விடுதலையானவர்களின் ஊர்' என்று அர்த்தம். நல்ல காரியம், மறுக்கக் கூடாது. விடுதலையானவர்களின் ஊரில்தான் பிரபுக்களின் கார் ரயிலைவிட்டு இறங்கும். இந்த இடத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்லேக்கஞ்சிலிருந்து மலையடிவாரமான பீம்பேதி வரையில் ஒரு மோட்டார்ப் பாதை இருந்தது. பீமசேனன் பெயர் கொண்ட ஊர். 'பேதி' என்றால் நம் காதுக்கு என்னவோ மாதிரி இருக்கிறது. நேபாள பாஷையில் மலையடிவாரம் என்று பொருள். அதுவரை கார் தன் காலில், அதாவது தன் சக்கரத்தில், ஓடி வந்துவிடலாம். பீம்பேதியில் சாலை முடிந்தது. எதிரே செங்குத்தான மலை.

பீம்பேதியிலிருந்து பள்ளத்தாக்கின் வாசலான தான்கோட் வரை தூரம் இருபது மைலுக்குள்தான். ஆனால் முதலில் சிசாபானி கோட்டை மலை ஏறவேண்டும். மறுபக்கம் இறங்கிக் குலேகானி ஆற்றைத் தாண்டவேண்டும். சித்லாங் கிராமத்தைக் கடந்து, ஏழாயிரம் அடிக்கு மேல் உயரமான சந்திரகிரிக் கணவாய் ஏறவேண்டும். அங்கே நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சைக் கம்பளமாகவும் அதற்குப் பின்னால் ஹிமாலயம் வெள்ளிச் சுவராகவும் தெரியும். அதற்கப்புறம் ஒரே இறக்கம். கையை வீசி நடக்கிறவனுக்கு இரண்டு நாள் வழி. கனவான்கள் பல்லக்கில் போவார்கள். அல்லது குதிரையில் போவார்கள். அரிசி, உப்பு, துணி முதலியவை சுமைக்காரர்களின் முதுகில் போகும். 'டோகோ' என்ற மூங்கில் கூடையை முதுகில் வைத்து, அதைத் தாங்கும் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு குனிந்தபடியே ஏறுவார்கள். 1920-களில் சாமான்களுக்காக மின்சாரக் கயிற்றுப்பாதை ஒன்றும் போட்டார்கள். தானிய மூட்டை அதில் தொங்கிக்கொண்டு போகும். மோட்டார் காரைத் தொங்கவிட முடியுமா?

ஆகவே மோட்டாரைத் தோளில் தூக்கினார்கள்.

நம் ஊரில் கருட சேவை பார்த்திருக்கிறோம். நீண்ட தண்டுகளில் வாகனத்தைக் கட்டி, ஸ்ரீபாதம் தாங்கிகள் தோள்கொடுத்து, ஒரே தாளகதியில் அடி எடுத்து வைப்பார்கள். அதே காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆனால் வாகனத்தின் மேல் பெருமாள் இல்லை, வாகனமேதான் பெருமாள். காரின் சக்கரங்களைக் கழற்றிவிடுவார்கள். நீண்ட கழிகளைக் குறுக்கும் நெடுக்கும் சட்டமாகக் கட்டி அதன்மேல் காரை வைத்துப் பிணைப்பார்கள். அறுபது பேர் தோள் கொடுப்பார்கள். பெரிய வண்டியாயிருந்தால் தொண்ணூறு பேருக்கு மேலும் வேண்டும். 1950-ஐ ஒட்டி அமெரிக்காவின் நேஷனல் ஜியாக்ரஃபிக் பத்திரிகைக்காக எடுத்த புகைப்படம் ஒன்று உலகப் பிரசித்தம். நீண்ட கழிகளில் கட்டிய கார் ஒன்றைச் சுமந்துகொண்டு சுமைக்காரர் கூட்டம் ஓர் ஓடையைக் கடக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். இன்னும் சற்று நேரம் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

கணக்குப் பாருங்கள். ஒன்றரை டன் காரை அறுபது பேர் தூக்கினால் ஆளுக்கு இருபத்தைந்து கிலோதான். டோகோவில் அதைவிட அதிகமாக அவர்கள் தினமும் சுமந்தவர்கள். அப்படியானால் இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். சங்கதி என்னவென்றால், தன் முதுகுச் சுமையைச் சுமக்கிறவன் தன் இஷ்டப்படி அடி வைக்கலாம்; மூச்சு வாங்கினால் நிற்கலாம். அறுபது பேர் சுமையில் ஒருவன் தனியாக நிற்க முடியாது. ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்னால் இருப்பவர்கள் மேல் சாயும். இறக்கத்தில் முன்னால் இருப்பவர்கள் மேல் சாயும். பாதை திரும்பும் இடத்தில் வெளிப்புறத்துக்காரன் கால் வைக்கப் பாறை இருக்காது. ஒருவன் வழுக்கினால் அவன் பாரம் பக்கத்திலிருப்பவன் தோளுக்குப் போகும்; அவனும் சறுக்கினால் அடுத்தவனுக்கு. அதனால்தான் ஒருவன் குரல் கொடுக்க, மற்றவர்கள் பதில் குரல் கொடுத்துக்கொண்டே அடி வைக்கவேண்டும். இரண்டு நாள் நடைவழி, காருக்கு ஒரு வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

தூக்கியவர்கள் பெரும்பாலும் சித்லாங் முதலான அந்த வழிக் கிராமத்து ஆட்கள். தாமாங் என்ற மலை ஜாதியார் பலர். ஸர்க்கார் காரியத்துக்குக் கட்டாய வேலை செய்யவேண்டும் என்ற 'ஜாரா' வழக்கம் இருந்த தேசம் அது. அம்லேக்கஞ்சில் அடிமைத்தனம் முடிந்தது என்று பார்த்தோம். அங்கிருந்து ஒரு நாள் வழியில் பீம்பேதி. அங்கே யாரும் அடிமையில்லை. ஆனால் பிரபுவின் கார் மலை ஏறவேண்டும் என்றால், ஏற்றத் தோள்கள் தயாராக இருக்கவேண்டும். சட்டம் ஒழித்ததற்கும் வாழ்க்கை ஒழித்ததற்கும் நடுவில் இப்படி ஒரு மலை நிற்கிறது.

தான்கோட்டில் காரை இறக்கிச் சக்கரங்களை மாட்டியதும், அது சில மைல் சாலையில் 'ஜம்'மென்று ஓடும். பள்ளத்தாக்கை விட்டு எங்கும் போக முடியாது. குடிக்கிற பெட்ரோலும் சந்திரகிரியைத் தாண்டித்தான் வரவேண்டும். 1934 ஜனவரி 15-ந் தேதி நேபாளத்தையும் பீகாரையும் குலுக்கிய பெரும் பூகம்பத்தில் காட்மாண்டுவின் பெரும் பகுதி விழுந்தபோது, ஜுத்த ஷம்ஷேர் இடிபாட்டை அகற்றி நகர மத்தியில் புதிய அகலமான வீதி ஒன்றைப் போட்டார். கார்களுக்கு உலாவ இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தது. ஹிட்லரே பரிசாக அனுப்பியது என்று ஒரு மெர்ஸிடிஸ் காரைக் காட்டி அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதையைக் கதையாகவே விட்டுவிடுவோம். ஹிட்லர் அனுப்பியிருந்தாலும் சரி, வேறு யார் அனுப்பியிருந்தாலும் சரி, மலையைத் தாண்டி அதைக் கொண்டுவந்தது யார் என்பதில் சந்தேகமில்லை.

இந்தக் கதைக்குச் சரித்திரம் ஒரு முடிவு வைத்திருந்தது. கதை எழுதுகிற நான் இப்படி ஒரு முடிவு எழுதியிருந்தால், "ரொம்பவும் ஜோடனையாக இருக்கிறது" என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

1950 நவம்பர் 6-ந் தேதி. கொலுப்பொம்மையாக இருந்த அரசர் திரிபுவன், குடும்பத்துடன் வேட்டைக்கும் வனபோஜனத்துக்கும் போவதாக ராணாக்களிடம் அநுமதி பெற்றுக்கொண்டார். தேசத்தின் அரசர் தம் வீட்டை விட்டு வெளியே போக அநுமதி கேட்க வேண்டியிருந்தது! அரச குடும்பத்தாரின் கார்கள் அரண்மனையிலிருந்து வரிசையாகப் புறப்பட்டன. இந்திய ஸ்தானிகர் அலுவலகத்தின் வாசல் வழியில் இருந்தது. அங்கே வந்ததும் கார்கள் சட்டென்று திரும்பி உள்ளே நுழைந்துவிட்டன. காவலுக்கு வந்தவர்கள் வெளியே திகைத்து நின்றார்கள். அரசர் இந்தியாவின் அடைக்கலத்தில் இருந்தார். பேரப்பிள்ளைகளில் மூன்று வயதுக் குழந்தையான ஞானேந்திரர் மட்டும் அரண்மனையில் இருந்தார். மோகன் ஷம்ஷேர் மறுநாளே அந்தக் குழந்தைக்கு முடிசூட்டினார். உலகம் அந்த முடியை ஏற்கவில்லை. சில தினங்களில் திரிபுவன் விமானத்தில் டில்லிக்குப் போனார். நேபாளத்தில் கிளர்ச்சி மூண்டது. 1951 பிப்ரவரியில் அரசர் காட்மாண்டுவுக்குத் திரும்பினார். நூற்றைந்து வருஷ ராணா ஆட்சி முடிந்தது.

வெளியேயிருந்து எவனும் சுலபமாக உள்ளே வரக்கூடாது என்று சாலை போடாமல் இருந்தார்கள். உள்ளே தாங்கள் மட்டும் உலாவ வேண்டும் என்று மலைமேல் மோட்டாரை ஏற்றி வைத்தார்கள். கடைசியில் அவர்கள் ஆட்சியைக் கவிழ்த்த பயணம் வெளியேயிருந்து வரவில்லை. மலை தாண்டித் தோளில் வந்த மோட்டார், உள்ளூர் வீதியில் ஒரு வாசலில் திரும்பியது, அவ்வளவுதான்.

அப்புறம் சாலை வந்தது. இந்திய ராணுவத்தின் எஞ்சினீயர்கள் மலையைக் குடைந்தும் வளைத்தும், ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்கும் சாலையை அமைத்தார்கள். 1956-ல் அது திறந்தபோது திரிபுவன் ராஜபாதை என்று பெயர் வைத்தார்கள். அந்த அரசர் அதைப் பார்க்கவில்லை. 1955-ல் ஸ்விட்ஸர்லாந்தில் காலமாகிவிட்டார். ராஜபாதை பீம்பேதியைத் தொடாமல் வேறு வழியாகப் போயிற்று. சத்திரமும் சந்தையுமாக இருந்த பீம்பேதி ஓய்ந்தது. 1965-ல் குட்டி ரயிலும் நின்றது. கார் தூக்கிய கிராமத்தார் பழையபடி உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிடப் போனார்கள். அவர்களில் சிலர் தொண்டு கிழவர்களாகி, பத்திரிகைக்காரர்களிடம் தங்கள் தோளைத் தொட்டுக் காட்டி அந்த நாட்களைச் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு எதிர் வீட்டு நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவர் தம் காரைப் பற்றித்தான் நினைக்கிறார் என்று எண்ணினேன். அவர் கேட்டது வேறு.

"தான்கோட்டில் இறக்கி, சக்கரமெல்லாம் மாட்டி முடித்த பிறகு, தூக்கி வந்த அந்த அறுபது பேரில் ஒருவனையாவது உள்ளே உட்காரவைத்துக் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போயிருப்பார்களா, ஸார்?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தலையை அசைத்துக்கொண்டார்.

"மாட்டார்கள். மறுபடியும் சந்திரகிரி ஏறித்தானே ஊருக்குப் போயிருப்பான்?"

"ஆமாம்" என்றேன்.

நண்பர் எழுந்து வேஷ்டியை உதறிக் கட்டிக்கொண்டார். துறைமுகத்தில் நிற்கும் காரைப் பற்றி அன்றைக்கு அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, வழக்கம் போல், "இன்னும் ஒரு முத்திரை பாக்கியாம்!" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.